குளித்தவர்கள் மேல் போட்ட பழி

மசூது பாயின் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது மரியாதைதான். குற்றாலத்துப் பேரருவிக்குப் பக்கத்தில் வண்டி நின்றதும், ஐம்பத்தாறு வயது மனிதர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து குதித்து இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி ஓடிவந்து, இடதுபுறப் பின்கதவைத் தானே திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பார். மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வந்த குடும்பங்கள் அந்தப் பணிவைப் பார்த்து உருகிப்போகும். அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கைப்பிடிக்குள் இருக்கிற கம்பி துருப்பிடித்து அறுந்து மூன்று வருஷமாகிறது.

வண்டிக்கு வயது பதினான்கு. ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி. கொல்லத்து மரவியாபாரி ஒருவரிடமிருந்து செங்கோட்டைத் தரகர் மூலமாக வாங்கியது. கடற்காற்றில் நின்ற வண்டி என்பதால் கதவுகளின் அடிவிளிம்பு நாலும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் கறுப்புப் பெயிண்டை அடித்து, அது ஒரு டிசைன் என்று சொல்லிவைத்திருந்தார். டிக்கிக் கதவு தூக்கினால் நிற்காது. முட்டுக்கொடுக்க ஒரு தடிக்கம்பு எப்போதும் உள்ளே கிடக்கும். கதவு ரப்பரெல்லாம் காய்ந்துபோய், வேகமாகப் போனால் விசில் அடிக்கும். வண்டிக்கு என்ன வயது என்று யாராவது வாயைத் திறந்து கேட்டுவிட்டால், "கல்யாண வயசு இன்னும் ஆகல" என்பார். அதற்கு மேல் பேச விடமாட்டார்.

அவ்வளவு பிரியம் வைக்கக் காரணம் இருந்தது. தென்காசியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். சவூதியில் தம்மாம் நகரத்து அரபி ஒருவரின் வீட்டுக்குப் பதினேழு வருஷம் வண்டி ஓட்டினார். அங்கே இதே மாதிரி வண்டிகளைத் துடைத்துத் துடைத்தே பாதி ஆயுசு போயிற்று. ஊருக்குத் திரும்பிய மாதமே, தனக்கென்று ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினார். அதன் முன் இருக்கையில் மனைவி ஹைருன் பீவியை உட்காரவைத்து, பேரருவி, பழைய அருவி, ஐந்தருவி என்று ஒரே நாளில் சுற்றிக் காட்டினார். அந்த அருவிகளெல்லாம் அவள் பிறந்ததிலிருந்து பார்த்தவைதான். ஆனாலும் புதிதாகப் பார்ப்பதுபோலவே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

இனி ஈரத்துக்கு வருவோம். குற்றாலத்து டிரைவர்களுக்கு ஈரம் என்பது ஒரு சமாசாரமே இல்லை. வருகிறவன் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு ஓர் அருவியில் குளிப்பான். அடுத்த அருவியிலும் குளிக்கப்போகிறோமே என்று துவட்டாமல் அப்படியே வண்டியில் ஏறுவான். ஏழு பேர் சொட்டச் சொட்ட ஏறி இறங்கினால் வண்டி எப்படி இருக்கும்? மசூது பாய் சீட்டுக்கெல்லாம் ரெக்சின் உறை போட்டு, காலடி மிதியடிகளைத் தினமும் சாயங்காலம் பிழிந்து வெயிலுக்கு ஏங்கும் கொடியில் போடுவார். இதில் ஒரு வினோதம் உண்டு. மழை பெய்தால்தான் அருவியில் தண்ணீர். தண்ணீர் விழுந்தால்தான் ஆள். ஆனியிலும் ஆடியிலும் சாரலும் சீசன் கூட்டமும் சேர்ந்து வரும். கார்த்திகையில் அடைமழையும் ஐயப்ப பக்தர்களும் சேர்ந்து வருவார்கள். மழை வந்து ஆள் வராத நாள் என்று ஒன்று அந்த வண்டிக்கு அநேகமாக இருந்ததே இல்லை.

அதனால் வண்டிக்குள் கூரைத் துணியில் முதன்முதலாக ஒரு பழுப்பு வட்டம் விழுந்தபோது, நெட்டையான ஒரு திருப்பூர்ப் பையனின் ஈரத்தலை இடித்ததால் வந்தது என்று முடிவுகட்டினார். வட்டம் பெரிதானபோது, நெட்டைப் பையன்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். புழுங்கின நாற்றம் வந்தபோது, எவனோ ஈரத்துண்டைச் சீட்டுக்கு அடியில் விட்டுப் போயிருப்பான் என்று மூன்று நாள் தேடினார். துணி தொய்ந்து தொங்கியபோது, பிள்ளைகள் விரலால் குத்தியதுதான் காரணம். "தொவட்டிட்டு ஏறுங்கய்யா, வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க" என்று எல்லாரிடமும் கெஞ்சுவார். வேறு எந்த ஊர் டிரைவராக இருந்தாலும் முதல் சொட்டு விழுந்ததும் தலையைத் தூக்கி மேலே பார்த்திருப்பான். இவர் வருஷக்கணக்காகப் பின்னால் திரும்பியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹைருன் பீவிக்கு இளைப்பு வந்தது. முதலில் இருமல், பிறகு மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் ஒரு சத்தம், பிறகு உட்கார்ந்திருக்கும்போதே அந்தச் சத்தம். தென்காசியில் டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டில் ஈரச்சுவர் உண்டா, பூசணம் உண்டா, பூனை வளர்க்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மசூது பாய் ஒன்றையும் விடவில்லை. சுவரைச் சுரண்டிப் புதுச் சுண்ணாம்பு அடித்தார். கல்யாணத்துக்கு வந்த இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டார். அவள் மடியிலேயே தூங்கிப் பழகிய சாம்பல் பூனையைப் பாவூர்சத்திரத்தில் அவள் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வரும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்தார். இவ்வளவும் செய்தும் இளைப்பு போகவில்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாளே என்று அவருக்குத் தாங்கவில்லை. ஆகவே தினமும் கடைசி சவாரியை இறக்கிவிட்டு, முகம் கழுவி, அவளை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றிவருவது என்று வைத்துக்கொண்டார். ஈரக்காற்று ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நாலு கண்ணாடியையும் இறுக்க ஏற்றிவிடுவார்.

வண்டியில் அவர் வேறு ஆளாக இருந்தார். வீட்டில் எது கேட்டாலும் 'ம்' என்பதற்கு மேல் பதில் வராது. ஸ்டியரிங்கில் கை வைத்துவிட்டால், அன்றைக்கு எந்த அருவியில் யார் வளையல் போனது, எந்த மாமியார் எந்த மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஊருக்குப் போனாள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வருவார். ஹைருன் பீவி சிரித்து, சிரிப்பு இருமலாகி, வீட்டுக்கு வந்து இன்ஹேலரை இரண்டு முறை இழுத்துக்கொண்டு படுப்பாள். எங்கிருந்தோ காற்று உள்ளே வருகிறது என்று மசூது பாய் நினைப்பார். மறுநாள் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறுக்குவார்.

இந்த ஆடியில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். வந்த கூட்டம் அறைக்குள் முடங்கிவிட, வண்டி இரண்டு நாளும் வாசலில் மழையிலேயே நின்றது. ஒருத்தரும் ஏறவில்லை. சீட்டெல்லாம் உலர்ந்து, துடைத்துவைத்தபடியே இருந்தன. இரண்டாம் நாள் சாயங்காலம் மழை கொஞ்சம் ஓய்ந்தது.

"ஹைரு, பேரருவிக்கு முன்னால உள்ள ஆர்ச்சு வளைவத் தாண்டித் தண்ணி விழுதாம். ரோட்டுல நின்னு பாத்துட்டு வந்துருவோமா?"

பார்த்தார்கள். செம்மண் நிறத்தில் மலையே இறங்கி வருவதுபோல் விழுந்தது. திரும்பும்போது, ஐந்தருவியில் பல்செட்டைத் தொலைத்த ஒரு மனிதரின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ஆள் தண்ணீருக்குள் குனிந்து தேட, கூட இருந்தவர்களும் என்னவென்று தெரியாமலே குனிந்து தேடிய இடத்தில் ஹைருன் பீவி சிரித்துக்கொண்டிருந்தாள். கடைத்தெரு இறக்கத்தில் குட்டியை வயிற்றில் ஏந்திய குரங்கு ஒன்று சட்டென்று குறுக்கே வந்தது. மசூது பாய் பிரேக்கை மிதித்தார்.

கூரைத் துணியின் முன்விளிம்பிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொத்தமாக ஹைருன் பீவியின் தலையில் கொட்டியது.

அவர் முதலில் திரும்பிப் பின் சீட்டைத்தான் பார்த்தார். பழக்கதோஷம், குளித்துவிட்டு ஏறியவன் எவன் என்று தேடினார். அங்கே ஒருத்தரும் இல்லை.

"எங்கயிருந்து விழுது?" என்றார்.

"மேலயிருந்துதான். மழத்தண்ணிதான், ஒண்ணும் இல்ல. நீங்க வண்டிய எடுங்க."

அவள் பதறவில்லை. கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள். அன்றைக்கு நினைத்து எடுத்துவைத்த துண்டுபோல் அது தெரியவில்லை. மசூது பாய் அதைக் கவனித்தார், கேட்கவில்லை. பல்செட்டுக் கதை பாதியில் நின்றுபோயிற்று.

மறுநாள் காலையில் மேலகரத்தில் மாரியின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். துருப்பிடித்த தகரத்தை வெட்டி ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பதில் மாரி கெட்டிக்காரன். வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று அவன் பல தடவை கூப்பிட்டும், குறை சொல்வான் என்று பயந்து இவர் அந்தப் பக்கமே தலைகாட்டியதில்லை. மாரி கிளிப்புகளைக் கழற்றிக் கூரைத் துணியைப் பலகையோடு கீழே இறக்கினான். உள்ளே பஞ்செல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் பிடித்து நசநசத்துக் கிடந்தது. இரண்டு எட்டு பின்னால் போய், தோளில் கிடந்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டான்.

"பாய், இதுக்குள்ளயா ஆள ஏத்திட்டு அலையுதிய?"

பிறகு ஏணி வைத்து மேலே ஏறிப் பார்த்தான். சாமான் கட்டுவதற்காகக் கூரைமேல் ஒரு கேரியர் உண்டு. அதை இறுக்கிய எட்டு போல்ட்டில் இரண்டு, விரலால் தொட்டதும் சுற்றின. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகரம் அப்பளம்போல் நொறுங்கியது.

"வாஷர் இல்ல, ரப்பர் இல்ல, ஒரு எழவும் இல்ல. இத மாட்டுனவன் எவன் பாய்? சரியான கிறுக்கனா இருப்பான் போல."

"நாந்தாம்லே" என்றார் மசூது பாய்.

மாரி நாக்கைக் கடித்துக்கொண்டான். உண்மை அதுதான். வண்டி வாங்கிய முதல் வாரத்தில், புதுசாக வாங்கியதைப் பிறத்தியான் கையில் விட மனசில்லாமல், துளைபோடும் மெஷினை இரவல் வாங்கி வந்து தன் கையாலேயே எட்டுத் துளையையும் போட்டார். அன்றைக்கு ஹைருன் பீவிதான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே மாரி, மூச்சுக்கோளாறு உள்ள ஆளு இதுக்குள்ள கண்ணாடிய ஏத்திட்டு உக்காந்தா என்ன ஆவும்?"

"ரெண்டு நிமிசம் நின்ன எனக்கே நெஞ்சக் கட்டுது. இதக் கேக்கணுமா பாய்? பத்து நாளு வேல இருக்கு. சீசன் நேரம் வேற. வேணும்னா ஒரு தார்ப்பாய மேல இறுக்கிக் கட்டி ஓட்டுங்க, பொறவு பாப்போம்."

சாவியை அவன் கையில் வைத்துவிட்டு மசூது பாய் வெளியே வந்தார். சீசனைப் பற்றி அவர் நினைக்கவில்லை. அந்தச் சாயங்காலங்களைத்தான் நினைத்தார். கிட்டத்தட்ட இரண்டு வருஷம், அநேகமாக ஒரு நாள் விடாமல், ஆசையாசையாக அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த விஷக்காற்றில் உட்காரவைத்திருக்கிறார். அது வெளியே போய்விடாமல் கண்ணாடியையும் ஏற்றிவிட்டிருக்கிறார். அவருக்கு அழுகை வந்தது. பட்டறை வாசலில் நின்று அழ வெட்கமாக இருந்ததால் தென்காசியில் வீடு வரைக்கும் நடந்தே போனார்.

அவளிடம் இதை எப்படிச் சொல்வது? மறைத்துவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. வண்டி சரியாகி வந்ததும் இளைப்பு தானாகக் குறையும். மாத்திரையால் குறைந்தது என்று அவளும் நினைத்துக்கொள்வாள். ஆனால் பூனையைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அவள் வெறும் மடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

ஹைருன் பீவி அடுப்படி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் நின்றபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னார். துளையைச் சொன்னார், பூசணத்தைச் சொன்னார். கடைசியில், "ஒன் சீக்குக்கு நாந்தான் காரணம் ஹைரு. என்னைய மன்னிச்சுரு" என்றார்.

அவள் காம்பைக் கிள்ளிப் போட்டாள். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வண்டிக்குள்ளதான் எனக்கு மூச்சு முட்டுதுன்னு. பூனையக் குடுத்தும் நிக்கலியே, பொறவு யோசிச்சுப் பாத்தேன். மேல ஒழுகுததும் தெரியும். என் தோள்லதானே சொட்டும்."

"அட பாவி மக்கா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பிய? எனக்கு ஒத்துக்கிடலன்னு என்னைய வீட்டுல விட்டுட்டுப் போயிருப்பிய." அவள் கீரையைக் கீழே வைத்தாள். "ஊருக்கு வந்து இத்தன வருசமாச்சு. இந்த வீட்டுக்குள்ள எங்கிட்ட பத்து வார்த்தை சேந்தாப்புல பேசியிருப்பியளா? அந்த வண்டியில ஒரு மணி நேரம் நீங்க பேசுவிய. அதுக்காவத்தான் ஏறினேன். மூச்சுதானே, வீட்டுக்கு வந்து இழுத்துக்கிடலாம்னு."

மசூது பாய் அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளுடைய மூச்சு மெல்லியதாக விசிலடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை அவர் அவ்வளவு கிட்டத்தில் இருந்து கேட்டதே இல்லை.

அவள்தான் கேட்டாள். "வண்டி எப்பம் வரும்?"

"பத்து நாளாவும்."

அவள் கீரையை மறுபடியும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மசூது பாய் கொஞ்சம் கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"மாரி பட்டறையில இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தை வரவில்லை. வேர்த்துவிட்டது.

"பையச் சொல்லுங்க" என்றாள் ஹைருன் பீவி. "நான் எங்கயும் போவல."