எங்களுக்காகவும் ஊற்றிய தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், தசாவுங்மோன் பௌர்ணமியன்று யாங்கோனிலிருந்து கியாக்தானுக்கு பஸ் ஏறினேன். நமக்குத் திருக்கார்த்திகை மாதிரி, பர்மியர்களுக்கு அது விளக்கேற்றும் பௌர்ணமி. நான் வேலை பார்க்கும் ஃபாக்டரிக்கு லீவு. எல்லோரும் பகோடாவுக்குப் போக, நான் மட்டும் வீட்டை விட்டு ஓடிப்போன ஒருவரைத் தேடிப் போனேன். அவர் என் அப்பாவின் தாத்தா!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, யாங்கோனை ஒட்டிய இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். மனைவியை வரவழைத்து, பிள்ளைகளும் பிறந்த பிறகு, கியாக்தான் பர்மியப் பெண் ஒருத்தியோடு போய்விட்டார். அதன்பின் சேதியே இல்லை. இன்சீனில் விட்டுப்போன மனைவி, அதாவது அப்பாவின் பாட்டி, கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. "செத்த சேதி வராம அவருக்கு இலை போடக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாராம். அதனால் எங்கள் வீட்டுப் படையலில் எல்லா முன்னோருக்கும் இலை உண்டு, அவருக்கு மட்டும் கிடையாது.

இதய ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பாவுக்கு இதே பேச்சு.

"அவர் செஞ்சது தப்புதாம்மா. அதுக்காக இத்தனை காலமாவா பட்டினி போடுறது? எந்தத் திதியில போனாருன்னு மட்டும் விசாரிச்சிட்டு வா. என் கண்ணு மூடறதுக்குள்ள ஒரு இலை போட்டுடறேன்."

அமாவாசையில் போட்டுவிடலாமே என்றால் கேட்கவில்லை. பாட்டி சொன்னது சொன்னதுதான் என்றார்.

எனக்கோ அந்த மனிதர் மேல் கோபம்தான். அப்பாவுக்காகப் போனேன். கோயிலில் கேட்டேன், கடைத்தெருவில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து புலம்பியபோது கடைக்காரர் சொன்னார்:

"தமிழ்க்காரங்க வீடு எதுவும் தெரியாது. ஆனா பிக்குகளுக்கு மீனு, கறி இல்லாம, பருப்பும் புளியும் போட்டுக் குழம்பு வைக்கிற வீடு ஒண்ணு இருக்கு. வருஷா வருஷம் இதே நாள்லதான்."

பர்மியர் வீட்டு அன்னதானத்தில் மீன் இல்லையா? அது நம்ம திதிச் சமையல் ஆச்சே! டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

வாசலில் நின்ற என்னை யார் என்றுகூடக் கேட்காமல், கன்னத்தில் சந்தனம் போலத் தனாக்கா பூசிய ஓர் அம்மாள், "வா ஞீமா, உட்காரு" என்றார். ஞீமா என்றால் தங்கச்சி. நான் வாயைத் திறப்பதற்குள், சாப்பிட்டு முடித்த பிக்குகள் முன்னால் தண்ணீர் வார்க்கும் சடங்கு தொடங்கிவிட்டது. செய்த புண்ணியத்தை இறந்தவர்களுக்கும் மற்ற உயிர்களுக்கும் பங்கு கொடுப்பது. அந்த அம்மாள் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டபடியே பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். பர்மியப் பெயர்களுக்கு நடுவே சட்டென்று ஒரு தமிழ்ப் பெயர். எங்கள் தாத்தாவின் பெயர்!

அடுத்து அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இன்சீன்ல அவர் விட்டுட்டு வந்த மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், அந்தப் பிள்ளைகளோட பிள்ளைகளுக்கும் இந்தப் புண்ணியம் சேரட்டும்."

அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதுவிட்டேன். நான் யார் என்று சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் கொள்ளுத்தாத்தா இந்தப் பௌர்ணமியிலதான் போனார். 'அவங்க மூஞ்சியில முழிக்க எனக்கு தைரியம் இல்ல, அவங்க பங்கை மட்டும் விட்டுடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாராம். நீங்க இருக்கீங்களா இல்லையான்னே தெரியாது, ஞீமா. இருந்தாலும் ஊத்துவோம்."

கிளம்பும்போது தூக்கில் குழம்பு ஊற்றிக் கொடுத்தார். அன்று மாலையே, நான் வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னதும், அப்பா குளித்துவிட்டு வந்து, தாத்தாவுக்கு முதல் இலை போட்டார். அந்தக் குழம்பை ஊற்றிப் படைத்துவிட்டு, தானும் ஒரு வாய் சாப்பிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது.

இப்போது கார்த்திகைப் பௌர்ணமிக்கு ஓர் இலை கூடுதலாகவே போடுகிறோம். அது தாத்தாவோடு வாழ்ந்த கியாக்தான் பாட்டிக்கு. இன்சீன் பாட்டி கோபித்துக்கொள்வாளோ என்று அப்பாவுக்குக் கொஞ்சம் பயம்தான்! அப்பா ஆபரேஷனில் பிழைத்து வந்ததற்கு அன்றைக்கே டாக்டருக்கும் சாமிக்கும் நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் முகம் தெரியாத எங்களுக்காக வருடா வருடம் விழுந்த அந்தத் தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு என்று இன்றைக்கு முழுசாக நம்புகிறேன்.