பால் வற்றக் கட்டிய மல்லிகை

ஊரப்பாக்கம் ரயில் நிலைய வாசலில் பூ விற்கும் பெண்ணிடம் நான் வழக்கமாக ஒரு முழத்துக்கு மேல் வாங்குவதில்லை. அன்று மாலை, கூடையில் பந்தாகச் சுருட்டி வைத்திருந்த மல்லிகைச் சரம் முழுவதையும் கேட்டபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாம்மா, வூட்ல விசேஷமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பால் வற்றுவதற்காக மார்பில் வைத்துக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நடைபாதையில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? "நல்லபடியா நடக்கட்டும்" என்று அவள் வாழ்த்தியும் அனுப்பினாள்.

என் மகளுக்கு அப்போது ஐந்தாவது மாதம். பிறக்கும்போதே எடை குறைந்தவள். நான் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியின் நூலகத்தில் வேலை செய்கிறேன். அதற்கு இரண்டு மாதம் முன்பு, விடுப்பு முடியும் தறுவாயில், குழந்தையைப் பார்த்துவந்த மருத்துவர் அம்மாள் ஒரு வழி சொன்னார். "நீங்க வீட்ல இருக்கும்போது உங்க பால் குடுங்க. இல்லாத நேரத்துக்கு மட்டும் பவுடர். ரெண்டும் சேர்ந்தே போகட்டும். எந்தக் காரணத்துக்கும் உங்க பால நிறுத்தாதீங்க."

மருந்துக் கடையில் எத்தனையோ டப்பாக்கள் இருந்தன. எது நல்லது என்று கேட்டேன். "அத உங்க கொழந்தைதான் சொல்லணும் மேடம். ஒத்துக்கினா நல்ல பவுடரு, கக்கிச்சின்னா மாத்திக்கலாம்" என்றார் கடைக்காரர். ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் பொடி எழுத்துகளைப் படித்தேன். தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று எல்லாவற்றிலும் அச்சிட்டிருந்தது. தன்னைவிட மேலானது வேறொன்று உண்டு என்று ஒரு விற்பனைப் பொருள் தானே சொல்வதை நான் அதற்குமுன் படித்ததில்லை. அதில் ஒன்றைத் தேர்ந்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் கணவரின் அக்காள் வந்து எங்களோடு தங்கினார். அவர் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே உள்ள கிராமம். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். நானும் அவரை அக்கா என்றே அழைப்பேன். வரும்போதே மாமல்லபுரத்துக் கடற்கரையில் வாங்கிய பால்சுறாவை ஒரு பையில் கொண்டுவந்து, பூண்டைத் தாராளமாகத் தட்டிப் போட்டுப் புட்டு செய்தார்.

"துன்னும்மா. சுறாப்புட்டு துன்னா கருங்கல்லுகூட பாலு கறக்கும்."

"கருங்கல்லு மாமல்லபுரத்துல நிறைய இருக்கே அக்கா, அதுங்களுக்குப் போடலாமே" என்றேன்.

"அதுங்களுக்கு புள்ள இல்லியே!" என்று சிரித்தார்.

அக்காவுக்கு எண்கள் படிக்க வராது. அதனால் பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதற்கு நகச்சாயத்தால் சிவப்பாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். அந்தக் கோடு வரைக்கும் கொதித்து ஆறிய நீர், அதற்கு இத்தனை கரண்டிப் பவுடர், கரண்டியைத் தலைதட்டிப் போட வேண்டும். ஒருமுறை செய்து காட்டினேன். அக்கா கவனமாகப் பார்த்து, அதேபோல் செய்தும் காட்டினார். காலையிலும் மாலையிலும் இரவிலும் விடுமுறை நாட்களிலும் குழந்தை என்னிடம் குடித்தாள். பகலில் பாட்டில்.

கல்லூரியில் பகலானால் மார்பு கனத்துவிடும். பழைய செய்தித்தாள்களைக் கட்டுக்கட்டாக அடுக்கிய அறையில், இரும்பு அலமாரிகளின் பின்னால் நின்று, பாலைத் துணியில் பிழிந்துவிட்டு வருவேன். தூசு வாடையில் பாலின் வாடையும் கலந்திருக்கும். வீணாகிறதே என்று மனம் வலித்தாலும், இன்னும் சுரக்கிறது என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

குழந்தையின் எடை ஏறவில்லை. மருத்துவர் அம்மாள் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். ஒன்றிலும் குறை தெரியவில்லை. பவுடரைச் சரியாகக் கலக்குகிறீர்களா என்று கேட்டார். டப்பாவில் உள்ளபடிதான் என்றேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மை.

கீழ்வீட்டு அம்மாள் ஒரு நாள் மாடிப்படியில் குழந்தையின் தொடையைத் தொட்டுப் பார்த்து, "சில பேருக்கு தண்ணிப் பாலு. வவுறு ரொம்பும், ஒடம்புல ஒட்டாது" என்றார். உடனே அக்கா, "வாயக் கழுவு. தாய்ப்பால்ல இன்னா தண்ணிப் பாலு, கெட்டிப் பாலு?" என்று சீறினார்.

ஆனால் அந்தச் சொல் எனக்குள் இறங்கிவிட்டது. அன்றைக்கே ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் பீய்ச்சிப் பார்த்தேன். நீலம் பாய்ந்து, டம்ளரின் அடி தெரியும்படி இருந்தது. குழந்தைக்குப் போகும் இரண்டில் ஒன்று அளந்து கொடுக்கப்படுவது. மற்றொன்றை அளக்க முடியாது. குறை இரண்டாவதில்தான் இருக்க வேண்டும். என் பால் அவள் வயிற்றில் வீணாக இடத்தை அடைத்துக்கொண்டு, நல்ல உணவை உள்ளே விடாமல் இருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

"வோணாம்மா" என்றார் அக்கா. "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? பூவக் கட்னா வத்திப்பூடும். வத்துனத திருப்பிக் கொண்டார முடியாது."

நான் கேட்கவில்லை. அக்காதான் சரத்தை வட்டமாகச் சுற்றி வைத்து, பழைய பருத்திப் புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டார். கல்யாண வீட்டைப்போல் அறை முழுவதும் மணந்தது. குழந்தை அந்த மணத்தை மோந்து மோந்து, புடவை முடிச்சைத் தேடி வாயைத் திறந்தாள். அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனார். அன்றிலிருந்து காலை, மாலை, இரவுப் பாட்டில்களையும் அக்காவே அங்கே கலந்து கொடுத்தார்; கிட்டே போனால் தேடுவாள் என்று நான் விலகியிருந்தேன்.

சில நாட்களில் மார்பு தளர்ந்தது. அதன்பிறகு குழந்தை தேறுவாள் என்று எதிர்பார்த்தேன். மாறாக, கன்னம் ஒட்டியது. கையில் தூக்கும்போது எலும்பு தட்டுப்பட்டது. மருத்துவரிடம் மறுபடி போக நாள் வாங்கியிருந்தோம்.

அதற்குள் உறவினர் வீட்டுக் காதுகுத்து ஒன்றுக்காக மாமல்லபுரம் போனோம். சாப்பாட்டுக்குப்பின் கடற்கரைச் சவுக்கு நிழலில் உட்கார்ந்தோம். குழந்தை அழத் தொடங்கினாள். அக்கா பையிலிருந்து பாட்டிலையும் ஃபிளாஸ்க்கையும் டப்பாவையும் எடுத்தார். கோடு வரைக்கும் நீர் ஊற்றினார். கரண்டியைத் தலைதட்டிப் பவுடர் போட்டார். மூடிக் குலுக்கினார். எல்லாம் நான் காட்டியபடியே. பிறகு மூடியைத் திறந்து, ஃபிளாஸ்க்கைச் சாய்த்து, மேலும் நீர் விட்டார். பால் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பாட்டிலின் கழுத்துவரை ஏறியது.

"அக்கா, தண்ணி கோட்டுக்கு மேல போயிடுச்சே."

"தெரியும்மா. நாந்தான் ஊத்தனேன். அப்டியே குடுத்தா கெட்டியா கீது. பச்சக் கொழந்த கொடலு தாங்குமா? மாந்தம் வந்துடும்."

"எப்பவும் இப்படித்தான் குடுப்பீங்களா?"

"மொத நாள்லேர்ந்து இப்டிதான். ஒரு தபாகூட கெட்டியா குட்ததில்ல." அவர் குரலில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கடமையைக் குறைவறச் செய்தவரின் நிறைவுதான் இருந்தது.

என் கணவர் எழுந்துவிட்டார். "இன்னாக்கா நீ? அளவுன்னு ஒண்ணு சொன்னா…"

"கத்தாதடா. உனுக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போ நண்டு மாதிரி சுத்திக்கினு இருந்த. எம் புள்ளைக்கும் இதே மாதிரி டப்பாப் பாலுதான். ஒடம்பு ஏறட்டும்னு ஒரு கரண்டி சேத்தே போட்டுக் குட்தேன். வவுத்தால போச்சு. தூக்கிக்கினு ஓடறதுக்குள்ள…" அக்கா குழந்தையின் வாயைத் துடைத்தார். "மாந்தம்னாங்க. அதான் இவளுக்கு பாத்துப் பாத்து ஊத்தனேன்."

அவர் ஒரு காலத்தில் தாயாக இருந்தவர் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அந்த வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.

குழந்தை என் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். நான் பையிலிருந்து கோடு போட்ட மாற்றுப் பாட்டிலை எடுத்து, கோடு வரை நீர் விட்டுக் கலந்து கொடுத்தேன். "இனிமே இந்தக் கோடுதான் அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் பாட்டிலைப் பார்த்தார்; குழந்தையின் மணிக்கட்டைப் பார்த்தார்; பிறகு என் மார்பைப் பார்த்தார். எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. தம் பாட்டிலில் இருந்த நீர்த்த பாலை மணலில் கொட்டினார். மணல் அதைச் சட்டென்று குடித்துவிட்டது.

பால் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர் அம்மாள். அடிக்கடி மார்பில் போடச் சொன்னார். அக்கா மறுபடியும் பால்சுறா வாங்கிவந்தார். இம்முறை கருங்கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புட்டைத் தட்டில் வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். குழந்தையை மார்பில் சேர்த்தால், ஒரு கணம் வாய் வைப்பாள். பிறகு விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். திரும்பி, அக்காவின் கையில் பாட்டில் இருக்கிறதா என்று தேடுவாள். அக்கா பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட குடிடி, என் கண்ணு, அம்மாகிட்ட குடி" என்று கெஞ்சுவார். அந்தக் கெஞ்சலைக் கேட்க முடியாமல்தான் ஒரு நாள் முயற்சியை நிறுத்தினேன்.

சரியான அளவில் கலந்ததும் எடை ஏறியது. கன்னங்கள் உப்பின. பார்த்தவர்கள் எல்லோரும், "டப்பாப் பாலு நல்லா ஒத்துக்கிச்சு" என்றார்கள். நானும் தலையாட்டினேன். அந்த மெலிந்த மாதங்களில் அவள் உயிரைப் பிடித்துவைத்திருந்தது, டம்ளரின் அடி தெரிந்த அந்த நீலப்பால்தான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அது அக்காவின் காதுக்குப் போகும். ஒரு குழந்தையைக் கெட்டிப் பாலால் இழந்தேன் என்று நம்பி வாழ்ந்தவர் அவர். அவரிடம் அடுத்த சுமையை எப்படித் தருவது?

பின்னொரு நாள் காலை, செங்கல்பட்டு செல்லும் ரயிலில், எதிர் இருக்கையில் யாருடைய குழந்தையோ பசித்து அழுதது. என் ரவிக்கையின் ஒரு பக்கம் மெல்ல நனைந்தது. கைப்பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். அந்நேரம் வீட்டில் அக்கா, பாட்டிலைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நீர் கோட்டைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.