கல்லில் இல்லாத சுப்பாத்தாள்

1972இல், சுதந்திர வெள்ளிவிழாவுக்காக எங்கள் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் முன்னால் ஒரு நினைவுக்கல் நடச் சொல்லி உத்தரவு வந்தது. சுதந்திரத்துக்காகச் சிறை போனவர்களின் பெயர்களை அதில் வெட்ட வேண்டும். திருப்பூருக்குப் பக்கத்து யூனியன் அது, நான் அங்கே கிளார்க். பட்டியல் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பதினெட்டு விண்ணப்பம் வந்தது, அத்தனையும் ஆண்கள். பத்தொன்பதாவதாக வந்து நின்றவர் சுப்பாத்தாள்.

ஐம்பத்தெட்டு வயது. பனியன் கம்பெனியில் மடித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. "ஏனுங்க சாமி, ஜெயிலுக்குப் போனவங்க பேரைக் கல்லுல வெட்டறாங்களாமா. நானும் போனனுங்க" என்றார்.

நாற்பத்திரண்டு ஆகஸ்டில், ராட்டை நூற்கும் பெண்கள் சிலர் ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போயிருக்கிறார்கள். அதில் இவருக்கும் பழனாயி என்பவருக்கும் ஆறு மாதம் ஜெயில் கிடைத்தது. அதே ஊர்வலத்தில் பிடிபட்டுத் திரும்பி வந்த ஆண்களுக்கு மாலை போட்டு, தியாகி என்று தோளில் தூக்கினார்கள். சுப்பாத்தாளுக்கு வீட்டுக் கதவே திறக்கவில்லை. ஆறு மாதம் வெளியே தங்கின பெண்ணாம். தறி நெய்துகொண்டிருந்த கணவர் மங்கலத்துக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டார். எதையோ திருடிவிட்டுத்தான் ஜெயிலுக்குப் போனாள் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். இன்னும் சிலர் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. முப்பது வருஷமாக அவருக்குத் தெருவில் "ஜெயிலுக்குப் போனவ" என்றுதான் பெயர்.

"பென்சன் கின்சன் எதும் வேண்டாமுங்க. கல்லுல பேரு வந்துட்டா, எதுக்குப் போனேன்னு ஊருக்குத் தெரிஞ்சுருமுங்க" என்றார்.

விண்ணப்பத்தில் கணவர் பெயர் என்று ஒரு இடம் இருந்தது. கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. புருஷன் பெயரைச் சொல்லாத வழக்கம் எனக்கும் தெரியும், ஆனால் இவர் ஒரு படி மேல். வேலை பார்ப்பது வேலம்பாளையத்தில். அந்த ஊர்ப் பெயரில் கணவர் பெயரின் பாதி வருகிறதாம், அதனால் "கம்பெனி இருக்கற பாளையம்" என்றுதான் சொல்வார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உட்டுட்டுப் போன ஆளுக்கு என்னம்மா மரியாதை?"

"அவரு உட்டாருங்க. நான் உடலீங்களே."

"பேரு சொல்லாட்டி விண்ணப்பம் செல்லாதுங்கம்மா."

தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கந்தவேல்" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்டவன்போல நான் அதை எழுதி முடித்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சிறைக்கு எழுதிக் கேட்டேன், ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்த வருஷம் சுப்பாத்தாள் என்று ஒரு கைதி இருந்தது உண்மை. கணவர் பெயருக்கு நேரே, "சொல்ல மறுத்தார்" என்று இருந்தது. போலீசும் கோர்ட்டும் மிரட்டியும் அன்றைக்கு அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

இவர்தான் அவர் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா என்று மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல புருஷன் பேரே இல்ல. அதுல கந்தவேல்னு இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்னு எப்படிய்யா சொல்றது?" என்று திருப்பிக் கொடுத்தார்.

கூட இருந்த பழனாயி செத்துப் பதினோரு வருஷமாகிறது. ஊர்வலத்தில் போன தியாகிகளைக் கேட்டேன். "பொம்பளைங்க நாலஞ்சு பேரு வந்தாங்க. ஆரு எவருன்னு ஆரு கண்டா?" என்றார்கள். சைக்கிளை மிதித்துக்கொண்டு மங்கலம் போய், ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கந்தவேலையே கேட்டேன். "அந்தப் பேச்சே இந்த ஊட்டுல வேண்டாமுங்க" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

பதினெட்டுப் பெயரோடு கல் திறந்தார்கள். சுப்பாத்தாளிடம் முன்பே சொல்லிவிட்டேன். இருந்தும் வந்திருந்தார். பேர் வரப்போகிறது என்று அவர் ஆசையாகச் சொல்லிவைத்திருந்ததால் தெருவே கிளம்பி வந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சாரதாமணி படிக்கத் தெரிந்தவள். மேலிருந்து கீழே சத்தமாகப் படித்தாள். மறுபடியும் ஒருமுறை படித்தாள்.

"ஏனுங்கக்கா, உங்க பேரு இல்லீங்களே?"

அவள் சூதில்லாமல்தான் கேட்டாள். கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள். சுப்பாத்தாள் என் பக்கம் வந்தார்.

"இத்தன நாளு வாய்ப்பேச்சுங்க சாமி. அப்படி இல்லீன்னு நானும் எதுத்துச் சொல்லிட்டு இருந்தேன். இனி இந்தக் கல்லுக்கு என்னன்னுங்க பதில் சொல்றது?"