மழைநீர்க் குழியும் நான் விட்ட சவாலும்

மண்ணுக்கு அடியில் செய்கிற வேலையில் ஒரு கஷ்டம் உண்டு: மூடிவிட்டால் ஒழுங்காகச் செய்தவளும் ஏமாற்றியவனும் ஒன்றுதான். மணல் சட்டி சுமக்கும் சித்தாளாக வந்தவள் நான். பேசிய கூலியை வாங்கவே தொண்டை கிழியக் கத்திக் கற்றுக்கொண்டு, அந்தத் தொண்டையை வைத்தே குழி, பைப் வேலை எடுக்கும் கண்ட்ராக்டர் ஆனேன். எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்த வருஷம் உங்களுக்கும் மறந்திருக்காது. வாசலைப் பெயர்த்து, தூசியைத் தின்று, பைப்புக்கு அலைந்து நீங்கள் பட்ட பாட்டில் கொஞ்சத்துக்கு நானும் காரணமாக இருக்கலாம். மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை.

காற்றுக்கு வந்த மிரட்டல்

ராயபுரத்தில் மீன் விற்கிற ஸ்டெல்லா அக்கா வீட்டில் ஆறு குடித்தனம், ஒரே கிணறு. தண்ணீர் அப்படியே கடல். அதில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது, தயிர் மாதிரித் திரிந்து துணியில் ஒட்டும். குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர்தான். நான் வேலை கேட்டுப் போயிருந்தபோது, மழைநீர் சேகரிப்பு அமைக்காத வீடுகளுக்குக் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். அக்கா மீன் கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தார். "கொழாயத் தொறந்தா காத்துதான் வருது. காத்தயா கட் பண்ணப் போறாங்க?"

நானும் சிரித்திருப்பேன். அதோடு அவர் விடவில்லை. "மழைத் தண்ணிய கெணத்துல வுட்டா உப்பு போயிடுமாம். இன்னாடி, டபாய்க்கிறியா?" எனக்கு உச்சியில் ஏறியது. திட்டினால் தாங்குவேன், ஏமாற்றுக்காரி என்றால் தாங்கமாட்டேன். "மாடித் தண்ணி மொத்தத்தயும் ஜல்லி, மணல் தொட்டியில வடிகட்டி உள்ள வுடறேன். மழை பேஞ்சப்புறம் இந்தக் கெணத்துல சோப்பு நொரைக்கலன்னா, இனிமே ராயபுரத்துல கடப்பாரையத் தொட மாட்டேன்!" என்று கத்திவிட்டேன். எனக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் ராயபுரத்து வேலை. அது புத்திக்கு உறைப்பதற்குள் ஆறு குடித்தனமும் வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்கினீங்கல்ல? மழை வரட்டும். சோப்பு என் செலவு."

மேல்நோக்கிப் போன பேரம்

நம் பக்கத்து ஜனத்துக்குப் பேரம் பேசாமல் எதையாவது வாங்கினால் அன்றைக்குச் சோறு இறங்காது. குழியின் ஆழத்துக்கும் பேரம் பேசினார்கள். ஆறடி என்றால் மூன்றடி கேட்பார்கள், ஏதோ நான் கூடையில் ஆழத்தைச் சுமந்துவந்து விற்கிற மாதிரி.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய். சாத்தாங்காட்டில் பழைய இரும்பு வியாபாரம். பேச்சில் ஆளைக் கவிழ்த்துவிடுவார். ஆறடி என்றேன். "மூணடி போதும்மா. சட்டத்துக்கு ஒரு பள்ளம் வோணும், அவ்ளோதான்" என்றார். நான் ஏழடி என்றேன். "இப்பத்தானே ஆறுன்ன?" "நீங்க மூணு கேட்டதால ஏழு. இன்னொரு தபா கொறச்சுக் கேட்டா எட்டு. கூலி அடிக் கணக்குதான்." அவர் அசந்துபோய் நாலு என்றார். "மேஸ்திரி, எட்டடிக்குக் கோடு போடு!" என்றேன். உள்ளே அவர் சம்சாரம் சிரிக்கிற சத்தம் கேட்டது. கடைசியில் ஆறடியோடு விட்டுவிடச் சொல்லி அவரே கெஞ்சினார். நான் ரொம்ப வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சம்மதித்தேன். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு பாய் சொன்னார்: "எறக்கிப் பேசி ஜெயிச்சவங்கள தெனம் பாக்குறேன். ஏத்திப் பேசி ஜெயிச்சது நீதாம்மா."

மண்ணில் சொருகிய பைப்

திருவொற்றியூரில் ஒரு மாடி வீட்டுக்காரர் குழியே வேண்டாம் என்றார். "மாடி ஓட்டையெல்லாம் சேத்து ஒரே பைப்பா எறக்கி, நுனிய மண்ணுல சொருகிடும்மா. செக்கிங் வர்றவன் பைப்பத்தான் பாப்பான், பாதாளத்தயா பாப்பான்?" பல தெருவில் நடந்ததும் அதுதான். எனக்கு வந்த கோபத்தில் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து போய்விட்டது. "அந்தத் தண்ணி போக வழியில்லாம உன் தலையிலதான்யா எறங்கும்!" என்று கேட்டில் நின்று கத்திவிட்டு வந்தேன்.

வேறு ஆளை வைத்து அவர் விருப்பப்படியே சொருகிக்கொண்டார். செக்கிங் வந்தவர்கள் பைப்பைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், போய்விட்டார்கள். அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா? நம்ம பைப்பு பாஸு! நீ குழிக்குள்ளயே கெட."

தொட்டியில் புதுக் குடித்தனம்

சட்டத்துக்குக் கெடு வைத்தார்கள், ஜனங்களும் முட்டிமோதி முடித்தார்கள். மழைக்குக் கெடு வைக்கத்தான் ஆளில்லை. அந்த ஐப்பசியும் கார்த்திகையும் தூறலோடு போய்விட்டன. ஸ்டெல்லா அக்கா கிணறு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று ராயபுரத்தில் புது வேலை எல்லாம் நின்றது. சுற்றிப் போகிற ஆள் நான் இல்லை. அந்தத் தெரு வழியாகவேதான் நடந்தேன். குடித்தனத்துப் பெண்கள் வானத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். "யக்கோவ், கடப்பாரைய வித்துட்டியா?" என்று ஒருத்தி கேட்பாள். நான் வாய் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

என் மேஸ்திரி முனுசாமியை அனுப்பி, அக்கா வீட்டில் நாங்கள் கட்டியிருந்த வடிகட்டுகிற தொட்டி சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னேன். மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "மணலெல்லாம் சுத்தமாத்தான் கீதுக்கா. அதுமேல ஒரு பூனை குட்டி போட்டுகினு கீது. அதுங்களாவது நம்ம பேரச் சொல்லும்."

வந்தது மழை

அடுத்த வருஷம் இரண்டுக்கும் சேர்த்துக் கொட்டியது. பூனைக் குடும்பம் எப்போதோ காலி செய்திருந்தது. முதலில் வந்தவர் திருவொற்றியூர்க்காரர். குடை பிடித்தும் தொப்பலாக நனைந்திருந்தார். சொருகின பைப்பில் தண்ணீர் போக வழியில்லாமல் மாடி குளமாகி, ஜாயின்ட் பிய்த்துக்கொண்டு, ஜன்னல் வழியாக நேராகக் கட்டிலில் இறங்கியிருந்தது. நான் ஒரு வார்த்தைகூடப் பேசுவதற்கு முன்பே கையெடுத்துக் கும்பிட்டார். "மொதல்ல சாபத்த வாபஸ் வாங்கும்மா. அப்புறம் எத்தினி அடி வோணாலும் தோண்டிக்கோ."

சோப்பு அக்கா செலவு

மழை விட்டதும் ஸ்டெல்லா அக்கா ஆள் அனுப்பினார். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் போனேன். நுரைக்காவிட்டால் அதை அவர் வாசலிலேயே வைத்துவிட்டு வருவது என்று முடிவு. ஆறு குடித்தனமும் கிணற்றைச் சுற்றி நின்றது. அக்கா ஒரு பக்கெட் இறைத்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. புது சோப்பைப் பிரித்து, தான் மீன் வெட்டும்போது இடுப்பில் கட்டுகிற துணியில் தேய்த்தார். ஒன்றுமில்லை. கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கினேன். இன்னும் அழுத்தித் தேய்த்தார். விரலிடுக்கில் வெள்ளையாகக் கிளம்பி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கை வரைக்கும் நுரை. உப்பு அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நுரை. கடப்பாரையை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டேன்.

அக்கா துணியை ஒரு தடவை அலசினார், மறு தடவையும் அலசினார், அப்புறம் என்னைப் பார்த்து முறைத்தார். "அலச அலச போவ மாட்டேங்குதேடி இந்த நொரை! ஒரு பக்கெட்டுல முடிஞ்ச துணிக்கு இனிமே மூணு பக்கெட்டு எறைக்கணும். என் கை வலிக்கு யாருடி பதில் சொல்றது?"

கோட்டையில் கையெழுத்துப் போட்டால் சட்டம் வந்துவிடும், ஆனால் ராயபுரத்தில் அது செல்லுபடியாக ஸ்டெல்லா அக்காவுக்குக் கை வலிக்க வேண்டும்.