நீராவி வெளுத்த ஆஸ்பத்திரி

நீராவி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது டெலிபோனில். என் அக்கா கூப்பிட்டிருந்தாள். கூடப்பிறந்த அக்காவைச் சொல்கிறேன். பெரியப்பா வீட்டு அக்கா இல்லை, அவளுக்கு டெலிபோனில் பேசத் தெரியாது, கத்தத்தான் தெரியும்.

“அடியே, நம்ம பொண்ணுக்கு ஒருத்தர் அமைஞ்சிருக்காரு. அவளே பார்த்துக்கிட்டா.”

“பேரென்ன?”

“பேரு என்னவோ நீளமா இருக்கு. எல்லாரும் நீராவின்னுதான் கூப்பிடறாங்களாம்.”

“நீராவியா? கோபக்காரனா இருக்கப் போறான், பார்த்துக்கோ.”

“ஐயோ, அதில்ல. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை. நாள் முழுக்க ஆவிக்குள்ளயே நிக்கிறாராம். கோபமே வராதாம். வாயே திறக்கமாட்டாராம்.”

“அப்போ பொருத்தம்தான். உன் பொண்ணு மூடமாட்டா” என்றேன். அக்கா டெலிபோனை வைத்துவிட்டாள்.

அக்கா மகளுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் மாப்பிள்ளை லாரிப் பட்டறையில் பெயின்ட் அடிப்பவர். சிரித்த முகம். என்னைச் சித்தி என்று கூப்பிட்டால் தெருக்கோடி வரை கேட்கும். ஒரு காய்ச்சல் வந்து இரண்டே வாரத்தில் போய்விட்டார். அவருக்கு ஒரு பெண் குழந்தை. அக்கா மகள் கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போய் அதை வளர்த்தாள். அந்தக் கடைக்கு மூக்குக் கண்ணாடி மாற்ற வந்தவர்தான் நீராவி. ஆவி படிந்து படிந்து அவர் கண்ணாடி எப்போதும் மங்கல்தான். அதைத் துடைத்துக் கொடுத்ததில் ஆரம்பித்தது என்று அக்கா மகளே சொல்வாள்.

ஆள் ஒல்லி. முழங்கைக்குக் கீழே இஸ்திரித் தகடு சுட்ட தழும்புகள். எதைக் கையில் கொடுத்தாலும் நான்காக மடித்து மூலை தட்டி வைப்பார். பேப்பரும் அப்படித்தான், குழந்தையின் சாக்ஸும் அப்படித்தான். வெள்ளைத் துணியில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

குழந்தைக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அவளிடம் ஒரு ஊரே இருந்தது. ஒன்றின் தலையில் ஒன்றை அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளுமே, அந்தப் பிளாஸ்டிக் செங்கல்கள். பிள்ளைகள் பிளாக்ஸ் என்பார்கள். அதில் கட்டிய ஊர். அவள் அப்பா சின்ன வயதில் விளையாடியது. அவருடைய அம்மா பத்திரப்படுத்தி வைத்துக் கொடுத்தது. ஜன்னலோரம் இரண்டு பெட்டிகளின் மேல் ஒரு பழைய கதவைப் படுக்கப் போட்டு, அப்பாவும் மகளுமாக அதன்மேல் கட்டியிருந்தார்கள். சிவப்புக் கூரை போட்ட வீடுகள், பெட்ரோல் பங்க், தீயணைப்பு நிலையம், ஒரே ஒரு கம்பி அறை வைத்த போலீஸ் ஸ்டேஷன், நடுவில் வெள்ளை ஆஸ்பத்திரி. ஊர்க்காரர்கள் விரல் அளவுதான். எல்லோருக்கும் மஞ்சள் முகம், இரண்டு புள்ளிக் கண், ஒரே சிரிப்பு. போலீஸ்காரரும் சிரிப்பார், வீடு பற்றி எரிகிறவரும் சிரிப்பார்.

நீராவி வந்த பிறகு அந்த ஊரில் எதுவும் மாறவில்லை. குழந்தை அவரை எதிர்க்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட மாட்டாள்.

“அம்மா, டீ ஆறுதுன்னு சொல்லு.”

“யாருகிட்டடி?”

“அங்க உட்கார்ந்திருக்கறவங்ககிட்ட.”

அவரோ அவளை மேயரம்மா என்பார். ஊரை ஆள்கிறவள் இல்லையா. “மேயரம்மா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு” என்பார். அவள் அம்மாவைப் பார்த்துப் பதில் சொல்வாள். ஒருநாள் என்னிடம், “என்னை என்னன்னு வேணா கூப்பிடட்டும் சித்தி. ஏதோ ஒண்ணு” என்றார். அந்த மனிதர் வாய்விட்டுக் கேட்ட ஆசை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அவளுடைய பிறந்தநாளுக்குப் புதுப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். அதே செங்கல், அதே மாதிரி ஊர், இந்தக் காலத்தது. நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. பழைய ஊரில் ஒரு சுவர் வேண்டுமென்றால் கல் கல்லாக அடுக்க வேண்டும். புதியதில் சுவர் முழுசாக வந்துவிடுகிறது. பழைய கல்லில் எழுத்து அச்சாகவே இருக்கும், புதியதில் நாம் ஒட்டிக்கொள்ள வேண்டும், கோணலாக ஒட்டினால் கோணல்தான். புது ஆம்புலன்ஸ் அழகோ அழகு. பின்கதவு திறக்கும், உள்ளே கட்டில் உண்டு. ஆனால் பெருத்த வண்டி. பழைய தெருவில் விட்டால் வீட்டையும் பெட்ரோல் பங்க்கையும் இடித்துக்கொண்டு நிற்கும். ஆட்களுக்கோ விதவிதமான முகம். ஒருத்தி கண்ணாடி போட்டிருந்தாள். ஒருத்தனுக்கு மூன்று நாள் தாடி, புருவத்தை நெரித்து ஒரு முறைப்பு. அவன்தான் திருடன்.

குழந்தை எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் கேட்டாள். “இந்த ஊர்ல வீடே இல்லையே. போலீஸு, திருடன், ஹெலிகாப்டர். இவங்கெல்லாம் எங்க தூங்குவாங்க?”

“டியூட்டியிலயே தூங்குவாங்க” என்றார் நீராவி. “எங்க ஆஸ்பத்திரி மாதிரி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். பார்த்தேன்.

நீராவி ஒரு புதுக் கல்லை எடுத்து பழைய கல்லின்மேல் வைத்து அழுத்தினார். டக்கென்று பிடித்தது. “பாருங்க மேயரம்மா, சேருது.”

அவள் அதைப் பிடுங்கித் தனித்தனியாக வைத்தாள். “இது வேற ஊரு” என்று அம்மாவிடம் சொன்னாள். கதவின் ஒரு கோடிக்குப் புதிய ஊரைத் தள்ளி, நடுவில் அடிக்கோலை வைத்தாள். இரண்டு ஊருக்கும் இடையில் ஓடுகிற ஆறாம் அது. பாலம் கிடையாதாம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சில நாள் கழித்து, “அம்மா, புதுசு பக்கத்துல வந்ததுலேர்ந்து அப்பா ஆஸ்பத்திரி அழுக்கா தெரியுதும்மா” என்று சொல்லியிருக்கிறாள். உண்மைதான். அது ஜன்னல் வெயிலில் கிடந்து பழுப்பேறிப் போயிருந்தது. புது வெள்ளை பக்கத்தில் வந்ததும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. சொன்னது அம்மாவிடம். விழுந்தது நீராவியின் காதில்.

அழுக்கு என்ற சொல்லை அந்த மனிதரிடம் சொல்லலாமா? ஊரிலுள்ள ரத்தக்கறை, மருந்துக்கறை, எல்லாவற்றையும் போக்குகிறவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இரண்டு நாள் சுற்றுலா அழைத்துப்போன சமயம் பார்த்து, ஆஸ்பத்திரியைக் கல் கல்லாகக் கழற்றி ஒரு தலையணை உறையில் போட்டு முடிச்சிட்டு வேலைக்கு எடுத்துப்போனார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வரும்போது வெள்ளை வெளேரென்று நிற்கட்டும் என்று நினைப்பு. ஆபரேஷன் துணிகள் போடும் மெஷின்தான் இருப்பதிலேயே சூடு. அதில் போட்டார்.

மெஷின் கடகடவென்று சத்தம் போட்டதாம். இஸ்திரி போடுகிறவர் எட்டிப் பார்த்து, “என்னய்யா, பேஷன்ட் பல்லையெல்லாம் பொறுக்கிக் கொண்டாந்துட்டியா?” என்று கேட்டாராம்.

அவிழ்த்துப் பார்த்தால் பழுப்பு அப்படியே இருந்தது. உருவம்தான் போய்விட்டது. நீளக் கற்கள் வில்லாக வளைந்துவிட்டன. குட்டைக் கற்களின் குமிழ்கள் ஒருபக்கம் சாய்ந்துவிட்டன. தப்பித்தவை கொஞ்சம்தான், மற்றவை ஒன்றோடொன்று பிடிக்கவில்லை.

“புதுசு வாங்கி வச்சிடு. சின்னப் பொண்ணுக்கு என்ன தெரியப்போகுது?” என்றாராம் இஸ்திரிக்காரர். அக்கா மகள் இன்னும் ஒரு படி மேலே போனாள். “சித்தி வந்து துடைக்கறப்ப தொலைச்சிட்டாங்கன்னு சொல்லிடலாம்” என்றாள். என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறாள்! அந்த வாரம் அதுவரை நான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

நீராவி புது வெள்ளைக் கல் வாங்கினார். வேலை விட்டு வந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரியை மறுபடி கட்டினார். முன்னைவிட அழகாகவே நின்றதாம். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு கழற்றிவிட்டார். “இது நம்ம ஊரு ஆஸ்பத்திரி இல்ல. பார்த்ததும் கண்டுபிடிச்சிடுவா. கண்டுபிடிக்காட்டி இன்னும் மோசம்” என்றார்.

குழந்தை திரும்பிய அன்று நானும் போயிருந்தேன். வாசலருகே நாற்காலியில், மடியில் தலையணை உறையோடு உட்கார்ந்திருந்தார்.

“ஆஸ்பத்திரியை வெளுக்கப் போட்டேன், மேயரம்மா. கெடுத்துட்டேன்.”

அவள் பையை இறக்கி வைத்தாள். உறையைத் தரையில் கொட்டினாள். ஒவ்வொரு கல்லாக எடுத்து இன்னொன்றின்மேல் வைத்து அழுத்திப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“அது அழுக்கில்ல. வெயில் பட்டா அப்படித்தான் ஆகும். எங்கப்பா சொல்லியிருக்காரு” என்றாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள். “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அக்கா மகள் என் கையைக் கிள்ளினாள். அந்தக் குழந்தை அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

“கேட்டிருக்கணும்” என்றார்.

அவள் எழுந்து போய்ப் புதிய ஊரிலிருந்து அந்தத் தாடிக்காரத் திருடனை எடுத்தாள். ஆற்றைத் தாண்டி வந்து, பழைய போலீஸ் ஸ்டேஷனின் கம்பி அறைக்குள் போட்டுச் சாத்தினாள். “இது நீங்க.”

“எப்போ விடுவீங்க?”

“மேயர் சொல்றப்போ.”

அதற்குப் பிறகு வேலை விட்டு வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அந்த அறையைத்தான் எட்டிப் பார்ப்பார். நான் டெலிபோனில், “என்ன மாப்பிள்ளை, ஜாமீன் கிடைச்சுதா?” என்று கேட்பேன். “இன்னும் இல்ல சித்தி. மேயர் ரொம்பக் கண்டிப்பு” என்பார். குரலில் சந்தோஷம்தான் தெரிந்தது. இத்தனை நாள் எந்த ஊரிலும் சேராமல் இருந்தவருக்கு ஜெயிலிலாவது இடம் கிடைத்ததே.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு சாயங்காலம் போனேன். அடிக்கோலைக் காணோம். நடுவில் ஆஸ்பத்திரி நின்றது. கீழே புது வெள்ளை, மேலே பிழைத்துக்கொண்ட பழைய பழுப்புக் கற்கள். தெருவை அகலப்படுத்த இரண்டு வீடுகள் பின்னால் தள்ளிப் போயிருந்தன. பெருத்த ஆம்புலன்ஸ் வாசல் வரை வந்து நின்றது. பின்புறம் வளைந்துபோன நீளக் கற்களைக் கூரையாகப் போட்டு ஒரு கொட்டகை. அதற்குள் தாடிக்காரன் கையில் வெள்ளைத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதே முறைப்போடு நின்றான்.

“அவனை விட்டாச்சா?” என்றேன்.

“ஆஸ்பத்திரின்னா சலவைக்கு ஆள் வேணும்ல சின்னப்பாட்டி. அதுக்குத்தான் விட்டேன்.”

நீராவி வந்தார். வழக்கம்போலக் கம்பி அறையைப் பார்த்தார். காலி. திடுக்கிட்டுத் தேடினார். கொட்டகையைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“லீவு உண்டா?” என்றார்.

“ஞாயித்துக்கிழமை மட்டும்.” அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கல்லைப் பொருத்திக்கொண்டே சொன்னாள். “நீராவி, டீ ஆறுது.”

அவர் போய் டீயைக் குடித்தார். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

அப்பா என்று அவள் அவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. வளர்ந்து, படித்து, தண்ணீர் வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் ஆகி இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நீராவிதான். புதிதாகப் பழகுகிறவர்கள் யாரென்று கேட்டால், “எங்க வீட்டு நீராவி” என்பாள். கேட்டவர்கள் விழிப்பார்கள்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அக்கா மகளோடு, மேயரம்மாவின் வீட்டில், கீழ்த்தளத்து முன்னறையில் இருக்கிறார்.