பிரிக்பீல்ட்ஸில் கேட்ட இரட்டைப் பிடில்

சென்ற சனிக்கிழமை கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் ஒரு வெள்ளைக்காரச் சங்கீதக் கச்சேரி கேட்டு வந்தேன். இந்த வயதில் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நவராத்திரிக்கு என் பழைய ஜோடி நாகலிங்கத்தோடு சேர்ந்து மறுபடி பிடில் வாசிக்க முடியுமா என்று கோயில் கமிட்டி கேட்டிருந்தது. முடியாது என்று சொல்லத் தயாராக இருந்தேன். அப்போதுதான் இரண்டு பிடிலுக்கென்றே எழுதிய பழைய ஐரோப்பியச் சங்கீதத்தை அங்கே ஒரு பள்ளி மண்டபத்தில் வாசிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். யார் முதல், யார் துணை என்பதை அவர்கள் எப்படித் தீர்க்கிறார்கள் என்று பார்த்த பிறகு பதில் சொல்லலாம் என்று கிளம்பினேன்.

மூன்று மணி வண்டி, மூன்றாம் வகுப்பு, அறுபத்திரண்டு காசு. இருபத்தொரு மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பத்து தீகா ஸ்டேஷன் வரை ரப்பர் மரங்கள், பெட்டாலிங் பக்கம் ஈயம் தோண்டிய குட்டைகள். ஒரு காலத்தில் கோலாலம்பூர்க் கச்சேரிகளுக்கு நாகலிங்கமும் நானும் இதே வண்டியில்தான் போவோம். அவர் முனகுவார், நான் ஜன்னல் கட்டையில் தாளம் போடுவேன். எதிரே இருப்பவர்கள் முறைத்தால் இன்னும் பலமாகப் போடுவேன். அந்த மாதிரிப் பயணம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

நாகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீசில் வேலை. குருவிடம் முறையாகப் படித்தவர். நான் ஏலத்தில் எடுத்த பிடிலை வைத்துக்கொண்டு கிராமபோனைக் கேட்டுக் கேட்டுக் கற்றவன். பன்னிரண்டு வருஷம் வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் சேர்ந்து வாசித்தோம். வலப்பக்கம் உட்காருகிறவர்தான் ராகத்தைத் தொடங்குவது, மற்றவர் பின்தொடர்வார். அன்றைக்கு யார் மனதில் ராகம் ஓடுகிறதோ அவர் வலப்பக்கம் உட்காருவார். அதைப் பற்றி எங்களுக்குள் பேசவே தேவையிருக்காது. ஒரு நவராத்திரியில் கமிட்டித் தலைவர், “குருகிட்ட படிச்சவர் வலப்பக்கம் இருக்கட்டும்” என்றார். நாகலிங்கம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் உட்கார்ந்தார். நான் பிடிலைப் பெட்டியில் வைத்து மூடினேன். பிறகு அவருக்கு பிரிக்பீல்ட்ஸுக்கு மாற்றலாகிவிட்டது. ஆறு வருஷம் ஆகிறது.

ஸ்டேஷனிலிருந்து மண்டபம் ஒரு மைல். ரிக்‌ஷாக்காரச் சீனர் பதினைந்து காசு கேட்டார், நான் பத்து என்றேன். அவரும் இறங்கவில்லை, நானும் ஏறவில்லை. நடந்தே போனேன்.

பின்வரிசைச் சீட்டு ஐம்பது காசு. உள்ளே போனால் அந்த வரிசையில் நாகலிங்கம் உட்கார்ந்திருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நகர்ந்து இடம் கொடுத்தார்.

“என்ன அண்ணை, பிடிலை வித்துப்போட்டியளோ?”

“யார் வாங்குவா? குருகிட்ட படிச்சவங்க தொட்ட பிடிலா அது?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மேடையில் உயரமான வெள்ளைக்கார ஆசிரியை ஒருவர், முதல் பிடில். பக்கத்தில் தந்தி ஆபீசில் வேலை பார்க்கும் யுரேஷியக் கலப்பினத்தவர் ஒருவர், இரண்டாவது. பின்னால் நாலைந்து பேர் துணைக்கு. இங்கேயும் முதல், இரண்டு உண்டு என்று நாகலிங்கத்திடம் சொன்னேன். ஆனால் தொடங்கியது அந்த இரண்டாவது ஆள். ஆசிரியை வில்லை இறக்கிக் காத்திருந்தார். பிறகு அதே வரியை மேல் ஸ்தாயியில் எடுத்தார். மெதுவான பாகத்திலும் இரண்டாவது ஆள்தான் தொடங்கினார். ஒருவர் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க, மற்றவர் அதைச் சுற்றி இறங்கி வந்தார். உடனே இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். கண்ணை மூடிக் கேட்டேன். எது யாருடைய பிடில் என்று பிரிக்க முடியவில்லை. எங்கள் வெள்ளிக்கிழமைகள் இப்படித்தான் இருந்தன. கடைசிப் பாகத்தை மட்டும் ஆசிரியை தொடங்கினார்.

முடிந்ததும் எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போனோம்.

“ரெண்டாவது ஆள்தான் ரெண்டு தரம் தொடங்கினார், பாத்தீங்களா?” என்றேன்.

“ஓம், பாத்தனான்.”

“அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“நீங்கள் கேட்டிருந்தா எழும்பியிருப்பன் அண்ணை.”

“அது கேட்டு வாங்குறதில்ல.”

“கமிட்டி எனக்கும் கடிதம் போட்டது. இப்பவும் கேக்க மாட்டியளோ?”

“மாட்டேன்.”

அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “சரி. இந்த முறை நான் இடப்பக்கம் இருக்கிறன்.”

“எங்கிட்ட சொல்லாதீங்க. கமிட்டி முன்னால வந்து சொல்லுங்க.”

“உங்கட பிடிவாதம் கொஞ்சமும் தேயேல்லை” என்றார். பிறகு, “வாறன். ஆனா நடுவில ஒரு ராகம் நான் தொடங்குவன்.”

“எந்த ராகம்?”

“அது மேடையில தெரியும்.”

சரி என்றேன்.

இப்படிப்பட்ட கச்சேரிக்குப் போகிறவர்கள் அரைமணி முன்னதாகப் போங்கள். பின்வரிசையில் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டு வில்லையும் பார்க்க முடியாது, பார்க்காவிட்டால் பாதிச் சுகம் இல்லை. பாட்டு நடுவில் கை தட்ட வேண்டாம், திரும்பிப் பார்க்கிறார்கள். கிள்ளானுக்குத் திரும்ப எட்டு மணி வண்டி சௌகரியம். ரிக்‌ஷாவுக்குப் பத்து காசுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்கு நாகலிங்கம் வருகிறார். அவரை அழைத்துவர ஸ்டேஷனுக்கு நான் போகப் போவதில்லை. பிடிலுக்குப் புதுத் தந்தி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.