வெடிமுத்து செத்தது செல்லுபடியாகுமோ?

டிராகனைச் சமாளிக்கலாம், "அந்த டிராகன் எனக்கு எத்தினை அடி தூரத்தில நிக்குது, நேரா அளந்தோ சரிவா அளந்தோ?" எண்டு கேக்கிற ஆளைச் சமாளிக்கிறதுதான் எங்கட தொழில்.

எங்கயாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால நிண்டு, "புத்தகத்தில அப்பிடி இல்லையே" எண்டு ஒருத்தர் விரல் நீட்டக் கண்டிருந்தீங்களெண்டால் நீங்களும் நானும் சொந்தக்காரர். என்ர கவுண்டர் ஒரு மேசை. லண்டன் மனோர் பார்க்கில ஒரு போர்ட் கேம் கடை. ஞாயிறு மத்தியானம் ரெண்டு மணிக்கு அதின்ர மேல்மாடியில ஆறு பேர் சுத்தி இருப்பினம். ஆளுக்கொரு பேப்பர். தான் கள்ளனோ, பூசாரியோ, மந்திரவாதியோ எண்டு அதில எழுதியிருக்கும். கதையைச் சொல்லுறது நான். அவை செய்யிறது சரிவருதோ இல்லையோ எண்டு சொல்லுறது இருவது முகம் உள்ள டைஸ். என்னைக் கேம் மாஸ்டர் எண்டு கூப்பிடுவினம். அம்மா கூப்பிடுறது வேற மாதிரி.

வீட்டில விளையாடினால் நினைச்ச மாதிரி விளையாடலாம். எங்கட மேசை லீக்கில சேந்தது. லண்டன் முழுக்க ஒரே விதி. ஸ்ட்ரெதமில விளையாடின ஆள் அதே பேப்பரோட வந்து எங்கட மேசையில இருக்கலாம். அதால விதிப் புத்தகம் ஒண்டு, அந்தப் புத்தகத்தை எப்பிடிப் பாவிக்கிறதெண்டு லீக் போட்ட விதி இன்னொண்டு. அந்த ரெண்டாவதில ஒரு வரி: கேம் மாஸ்டருக்கு மேல ஒரு வருசத்தில மூண்டு புகார் வந்தால் மேசை பறிபோகும். அக்கவுண்டிங் படிப்பை ரெண்டாம் வருசத்தில விட்டு, கோப்பிக் கடை, தியேட்டர், பார்சல் டிப்போ எண்டு ஒரு இடத்திலயும் ஆறு மாசம் தாண்டாத எனக்கு இந்த மேசையில இது பதினோராவது மாசம். இது போகக்கூடாது. அவ்வளவுதான் என்ர பிரச்சினை.

பன்னிரண்டு ஏணி

புதுசா வந்த ஒரு வெள்ளைக்காரர் தன்ர பேப்பரைக் காட்டி, "என்ர முதுகுப் பையில பன்னிரண்டு ஏணி இருக்கு" எண்டார். ஒவ்வொண்டும் பத்தடி. நான் "ஏலாது" எண்டன். அவர் புத்தகத்தை விரிச்சார். ஏணியின்ர பாரம் எழுதியிருக்கு, பை தாங்கிற பாரம் எழுதியிருக்கு, கூட்டிப் பாத்தால் கணக்குச் சரி. நீளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. புத்தகம் எழுதின ஆளுக்கு ஒருத்தன் பன்னிரண்டு ஏணியோட வருவான் எண்டு கனவிலயும் வந்திராது.

நான் வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கேல்லை. "சேர், நீங்கள் டிராகனைக் கொல்லப் போறீங்களோ, இல்லாட்டி அதின்ர வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போறீங்களோ?" எண்டன். மேசை சிரிச்சுது. அவர் சிரிக்கேல்லை. அடுத்த நாள் லீக்குக்குப் பொறுப்பான பியோனா என்னைக் கூப்பிட்டா. அம்பது வயசு, கழுத்தில கண்ணாடி தொங்கும், சத்தம் போடத் தெரியாத மனிசி. அவ இங்கிலீஷில சொன்னதை அப்பிடியே தமிழில தாறன்: "துஷி, நீ சொன்னது நல்ல பகிடிதான். ஆனா இந்தப் புகார்ப் போர்மில பகிடிக்கெண்டு ஒரு பெட்டி இல்லை."

முதலாவது புகார்.

மயக்க மருந்து டொக்டர்

எங்கட மேசையில கார்த்திக் எண்டு ஒரு டொக்டர். மதுரைக்காரர், ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுக்கிறவர். விளையாட்டில அவர் வாள் பிடிக்கிற வீரன். ஒருநாள் அந்த வீரன் நஞ்சு கலந்த வைனைக் குடிச்சிட்டான். புத்தகப்படி உடனே பன்னிரண்டு புள்ளி உயிர் குறையும். டொக்டர் பென்சிலைக் கீழ வச்சார். "ஏங்க, வாய் வழியா போற விஷம் உடனே எப்பிடிங்க வேலை செய்யும்? வயித்துல என்ன இருந்துச்சு, அவன் வெயிட் என்ன, இதெல்லாம் பாக்க வேணாமா?" எண்டு தொடங்கினவர் இருவது நிமிசம் கதைச்சார். படம் வேற கீறினார். மற்ற அஞ்சு பேரும் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு பாத்தினம், சும்மா சொல்லக்கூடாது, நல்ல லெக்சர்.

சரி எண்டு நஞ்சு வேலை செய்யிறதை அரை மணித்தியாலம் தள்ளிப் போட்டன். ரெண்டு நிமிசத்தில சண்டை வந்துது. அவற்ற வீரன் அடி வாங்கி விழுந்தான். டொக்டர் அவசரமா, "காயம் ஆத்துற மருந்தைக் குடிக்கிறேன்" எண்டார். நான் கேட்டன்: "டொக்டர், வாய் வழியாத்தானே குடிக்கிறீங்கள்? வயித்தில ஏற்கெனவே வைன் வேற கிடக்கு. இதுக்கும் அரை மணித்தியாலம்." அவர் என்னைப் பாத்தார், டைஸைப் பாத்தார், பிறகு கோவமாச் சொன்னார்: "என்னங்க நீங்க, விளையாட்டுக்குள்ள மெடிசினைக் கொண்டு வர்றீங்க!"

பட்டியல்ல இல்லாத ஆள்

ஸ்டெல்லா அக்கா மன்னார் ஆள். கோயில் பாட்டுக்குழுவுக்கு மேல்மாடி வாடகைக்குக் கிடைக்குமோ எண்டு கேக்க வந்தவ, ஒரு கதிரையில இருந்து பாத்தா, பிறகு எழும்பவே இல்லை. பூசாரியா விளையாடப் போறன் எண்டா. நல்லது. ஆனா பூசாரி எண்டால் ஒரு கடவுளைத் தெரிவுசெய்ய வேணும். லீக்கில அதுக்குப் பதினாலு கடவுளின்ர பட்டியல் இருக்கு, எல்லாம் கற்பனை. உண்மையான சமயம் ஒண்டையும் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது எண்டு விதி.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினாலையும் விரல் வச்சு வாசிச்சா. புயலுக்கு ஒருத்தர், பொய்க்கு ஒருத்தர், அறுவடைக்கு ஒருத்தி. "மாதா இல்லையோ பிள்ளை?" நான் விளக்கம் சொன்னன். "அந்தோனியாராவது? துலைஞ்ச சாமானெல்லாம் எடுத்துத் தருவார், உங்கட இந்தக் குகைக்குள்ள அவர்தான் உதவி." அதுக்கும் ஏலாது எண்டன். கடைசியில அறுவடைக்காரியின்ர பேரை எழுதி, பேனையை மூடிக்கொண்டு சொன்னா: "எழுத்தில இவவெண்டு இருக்கட்டும். ஆபத்தெண்டு வந்தால் நான் ஆரைக் கூப்பிடுறன் எண்டு உன்ர லீக்குக்குக் கேக்காது."

தொட்டால் கேள்வி கேக்கக்கூடாது

ஒவ்வொரு மேசை நடுவிலயும் ஒரு சிவப்பு அட்டை கிடக்கும். கதையில ஒண்டு ஒருத்தருக்கு ஒத்துவரேல்லை எண்டால் அவர் அதைத் தொடலாம். தொட்டால் அந்தக் காட்சியை விட்டிட்டு நான் அடுத்ததுக்குப் போகவேணும். ஏன் எண்டு கேக்கக்கூடாது. நல்ல விதி, நான் மனசார ஏத்துக்கொண்ட விதி.

செல்வம் அண்ணை எங்கட மேசையின்ர மூத்த ஆள். பஸ் ஓட்டுறவர். ஒன்றரை வருசமா வெடிமுத்து எண்டு ஒரே ஆளாத்தான் விளையாடுறார்: பூட்டு உடைக்கிற குள்ளன், தாடிக்குள்ள திறப்புக்கோர்வை. நான் இந்த மேசைக்கு வரமுந்தியே வெடிமுத்து வந்திட்டான். தலையில்லாப் பேய், சவக்குழி, ரத்த ஆறு, ஒண்டுக்கும் அண்ணை அசைஞ்சதில்லை. ஒருநாள் ஒரு குதிரை வண்டிக் காட்சி வச்சன். மழை, வண்டி பிந்தி வருது, வெடிமுத்துதான் வண்டி ஓட்டுறான். நான் ஒரு கிழவியின்ர குரலில, "எவ்வளவு நேரமா நிக்கிறன் தெரியுமோ, உனக்கு நேரம் பாக்கத் தெரியாதோ?" எண்டு தொடங்கினன்.

அண்ணை சிவப்பு அட்டையைத் தொட்டார். எனக்கு வாய் முந்தீட்டுது. "ஏன் அண்ணை?" எண்டன். ஸ்ட்ரெதமில இருந்து அண்டைக்கு வந்திருந்த ஒரு பெட்டை அதை எழுதிக் குடுத்திட்டாள். சரிதான், விதி விதிதான். ரெண்டாவது புகார். ஆனா அண்ணை என்னில கோவிக்கேல்லை. மெதுவாச் சொன்னார்: "பேய் பிசாசு பரவாயில்லைப் பிள்ளை. 'ஏன் லேட்' எண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஒருத்தி கேட்டால் எனக்குப் பிரஷர் ஏறும்."

நான் சாகடிச்ச குள்ளன்

அதுக்குப் பிறகு ஒரு ஞாயிறு. கோட்டை வாசலில சண்டை, வெடிமுத்து விழுந்திட்டான். உயிர் புள்ளி பூச்சியம். மூண்டு தரம் டைஸ் உருட்டவேணும். மூண்டும் பத்துக்கு மேல விழாட்டில் சாவு. அண்ணை உருட்டினார். அஞ்சு. ஏழு. ரெண்டு. லீக்கில செத்தால் செத்ததுதான், பேப்பரின்ர அடியில "இறந்தார்" எண்டு ஒரு பெட்டி இருக்கு, கேம் மாஸ்டர் டிக் போட்டுக் கையெழுத்து வைக்கவேணும். போட்டன். அண்ணை பேப்பரை நாலா மடிச்சு மேல்பொக்கெட்டில வச்சார், "கதையை நல்லா ஓட்டினாய் பிள்ளை" எண்டிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு வந்தார். புதுப் பேப்பர் குடுத்தன். மூண்டு மணித்தியாலத்தில பேர் எழுதுற கோட்டில ஒரு எழுத்தும் விழேல்லை. பென்சிலை மட்டும் மூண்டு தரம் சீவினார்.

திங்கக்கிழமை ஸ்டெல்லா அக்காவின்ர மெசேஜ்: "வெடிமுத்து விழேக்க என்ர பூசாரி பக்கத்திலதானே நிண்டவள். அவள் ஒண்டும் செய்திருக்க ஏலாதோ?" ஏலாது எண்டு எழுதப் போனன். எதுக்கும் பாப்பம் எண்டு புத்தகத்தைத் திறந்தன். இங்கதான் ஒரு உண்மை சொல்லவேணும். நான் இந்த விளையாட்டைப் பழகினது மச்சான் வீட்டில, பழைய பதிப்பில. வேலைக்குச் சேரேக்க பியோனா, "புதுப் பதிப்பு வாசிச்சாச்சோ?" எண்டு கேட்டா, "ஓம்" எண்டன். முன் அட்டையை மட்டும் வாசிச்சனான். புதுப் பதிப்பில அந்தப் பக்கத்தில ஒரு வரி கூடுதலா இருக்கு: பக்கத்தில நிக்கிற கூட்டாளி கையைப் பிடிச்சால் கடைசி உருட்டலை இன்னொருக்கா உருட்டலாம்.

ஒருத்தருக்கும் தெரியாது. டொக்டருக்கே தெரியாது, நான் வேகமாச் சொல்லுறதால எல்லாரும் சரியெண்டு நம்பிடுவினம். டிக்கை எடுக்க ஒரே வழி, பதினாலு நாளுக்குள்ள கேம் மாஸ்டர் தான் விட்ட பிழையெண்டு எழுத்தில குடுக்கவேணும். எழுத்தில வந்தால் அதுவும் புகார்தான். மூண்டாவது. செவ்வாய் முழுக்க யோசிச்சன். அந்தச் சீவின பென்சில்தான் கண்ணுக்குள்ள நிண்டுது. புதன்கிழமை எழுதினன். புகார் செய்பவர்: துஷி. ஆர் மேல: துஷி. சாட்சி: துஷி. பியோனா கண்ணாடியை மாட்டி ரெண்டு தரம் வாசிச்சா. "இந்தப் போர்மிலதான் முதல் முறையா எல்லாப் பெட்டியையும் ஒழுங்கா நிரப்பியிருக்கிறாய்."

இன்னொரு உருட்டல்

ஒருத்தி தன்மேல தானே குடுத்த புகார் புகாரோ எண்டு கேள்வி வந்திட்டுது. மூண்டு பேர் கொண்ட கமிட்டி இருந்து யோசிச்சுது. அது புகார்தான் எண்டு தீர்ப்பு. நான் தானா வந்து சொன்னபடியால் மூண்டு மாசத்துக்கு மட்டும் மேசை இல்லை, பிறகு புதுப் பதிப்பில சோதினை எழுதிப்போட்டு வரலாம். தடை தொடங்கமுந்தி ஒரு ஞாயிறு தந்தினம், வெடிமுத்துவின்ர உருட்டலை முடிக்க.

நான் மேசையில நடந்ததைச் சொன்னன். பகிடி ஒண்டும் விடேல்லை, வரவும் இல்லை. அண்ணை பொக்கெட்டில இருந்து அதே நாலா மடிச்ச பேப்பரை எடுத்து விரிச்சார். விதியில கூட்டாளி கை பிடிக்கவேணும் எண்டு இருக்குதெண்டு ஸ்டெல்லா அக்கா உண்மையாவே அண்ணையின்ர இடக்கையைப் பிடிச்சா. பத்துக்கு மேல விழவேணும். டைஸ் உருண்டு, சிப்ஸ் பைக்கற்றில இடிச்சு, நிண்டுது.

நாலு.

டொக்டர் பழக்கதோசத்தில, செத்த நேரம் குறிக்க, மணிக்கூட்டைப் பாத்தார். நான் "அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டன். அவர் பேப்பரை என்னட்டத் தள்ளி, என்ர பழைய கையெழுத்துக்குக் கீழ இன்னொருக்கா வைக்கச் சொன்னார். வச்சன். பிறகு புதுப் பேப்பரை இழுத்து, பேர் எழுதுற கோட்டில ஒரே மூச்சில "இடிமுத்து, வெடிமுத்துவின்ர தம்பி" எண்டு எழுதிப்போட்டு நிமிந்தார். "இப்ப ஓகே பிள்ளை. முந்தி அவனை நீ சாகடிச்சாய், இப்ப அவன் தானாச் செத்தான்."

மொத்தத்தில, ஒரு ஆளைச் செத்தவர் எண்டு எழுத எனக்கு ஒரு டிக் போதுமாயிருந்துது; அதே ஆளை ஒழுங்காச் சாகவைக்க ஒரு போர்ம், மூண்டு பேர் கமிட்டி, என்ர மூண்டு மாசம் எல்லாம் வேண்டிக்கிடந்துது.